வெயிலய்யாவின் வெள்ளித் தண்ணீர்

உலகத்தில் எத்தனையோ பேர் வெயிலில் நின்று கறுத்திருக்கிறார்கள். சாலை போட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள், பேருந்து வரும் வரும் என்று காத்துக் கிடந்தவர்கள். அவர்களை யாரும் பாவி என்று சொன்னதில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள். வெயிலய்யா வந்து கடை விரித்த பிறகுதான், வெயிலில் கறுப்பது ஒழுக்கக்கேடு என்று அந்த ஊருக்குத் தெரிய வந்தது.

கடை என்று சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரும். ‘ஒளிமன்றம்’ என்று சொல்ல வேண்டும். மூடிப்போன லாரிக் கொட்டகை ஒன்றின் முற்றம் அது. நிழலுக்கென்று நின்ற ஒரே மரத்தையும் வெட்டியாகிவிட்டது. உண்மைக்கு நிழல் ஆகாதாம். நான்கு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர், நடுவே ஒரு மேடை, மேடையில் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு மேலே பெரிய குடை. சூரியனின் செல்லப் பிள்ளையான வெயிலய்யா குடைக்குள் உட்கார்ந்திருப்பார். வெயில் மற்றவர்களுக்கு.

வீட்டில் ஏதாவது காணாமல் போனதா? கணவன் பொய் சொல்கிறானா? கூட்டாளி கல்லாவில் கை வைத்தானா? சந்தேகப்படுகிற எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வர வேண்டியது. ஞாயிறு என்றாலே சூரியன் அல்லவா, அன்றைக்குத்தான் தீர்ப்பு. எல்லார் கையிலும் ‘உண்மை நீர்’ ஊற்றுவார்கள். உள்ளங்கையை வானம் பார்க்க விரித்துக் கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். குற்றமில்லாதவர் கை அப்படியே இருக்கும். குற்றவாளியின் கை முதலில் பழுப்பேறும், பிறகு கறுக்கும். தேய்த்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. காவல் நிலையத்தில் ஆறு மாதம் இழுக்கிற விசாரணை, இங்கே ஒரு வியர்வையில் முடிந்துவிடும்.

கறுத்த கைக்கும் வழி இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ‘மன்னிப்பு எண்ணெய்’ வாங்கிப் பதினைந்து நாள் தடவினால் கறுப்பு போய்விடும். போகவும் போயிற்று. பதினைந்து நாளில் மனிதனுக்குத் தோல் உரிந்து புதுத் தோல் வரும் என்பதை யாரும் அய்யாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க ஒளிமன்றத்துக்கு விடுமுறை. அந்த மாதங்களில் ஊரில் யாருமே திருடவில்லையா என்று கேட்டால், ‘சூரியனுக்கும் ஓய்வு வேண்டாமா?’ என்பார்கள். மேகம் மூடினால் உண்மை தெரியாது. மேகம் விலகினால் தெரியும். இவ்வளவு தெளிவாகத் தடயத்தை மேடையில் வைத்திருந்தார் மனிதர். கையெடுத்துக் கும்பிடுகிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஒருத்தி கவனித்தாள். பெண்கள் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருடமாகக் குப்பி கழுவுகிறவள். டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவள் ‘லேப் அக்கா’. செய்முறைத் தேர்வு நடக்கிற மாதங்களில் அவளுடைய விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். சோப்பு போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. அவளும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. வண்டி ரிப்பேர் செய்கிறவர் கையில் கிரீஸ், எழுதுகிறவர் கையில் மை, அவள் கையில் இது.

அந்த வருடம் பள்ளி விடுதிச் சமையற்காரியின் மேல் எண்ணெய் டின்னைத் திருடியதாகப் பழி விழுந்தது. ஒளிமன்றத்துக்குக் கூட்டிப் போனார்கள். கை கறுத்தது, வேலை போயிற்று. விடுதிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் ஆய்வக வாசலில் நின்று அழுதபோது, லேப் அக்கா அவள் உள்ளங்கையைப் பிடித்துத் தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கறுப்பு. ஓரத்தில் அதே பழுப்புக் கரை.

நேரே தலைமை ஆசிரியையிடம் போனாள். அந்த அம்மையாருக்கு அறிவியலில் இரண்டு பட்டம். இரண்டையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். “இதோ பாரு, அறிவியல் வேற, நம்பிக்கை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. போயி உன் குப்பியைக் கழுவு” என்றார். லேப் அக்கா குப்பியைக் கழுவினாள். ஆனால் மனசு ஆறவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது.

“அக்கா, அத்தையோட வளையலைக் காணோம். நாளைக்கு வெயிலய்யாகிட்ட கூட்டிட்டுப் போறாங்க.”

“யாரைடி?”

“எல்லாரையும்தான். ஆனா என்னைத்தான்.”

“வீட்ல நல்லாத் தேடினாங்களா? கட்டிலுக்கு அடியில, சோபாவுல?”

“அத்தைக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. நாத்தனார், ‘தேடறதுக்கு என்ன இருக்கு, எடுத்தவங்களுக்குத் தெரியும்’னு சொல்லிட்டா.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“கை கறுத்தா உன் அக்கா வீட்டுக்குப் போயிடு, பாப்பா இங்கயே இருக்கட்டும்னு சொல்றாருக்கா. நான் போக மாட்டேன்னு சொன்னேன். ‘நீ எடுக்கலைன்னா உனக்கென்ன பயம்?’னு கேக்கறாரு” என்றாள்.

கேட்பதற்கு நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிற இந்த மாதிரிக் கேள்விகளால்தான் பாதிக் குடும்பங்கள் நாசமாகின்றன. தங்கையின் மகளுக்கு நாலு வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காத குழந்தை. அந்தக் கையைக் கறுப்பாக்கிக் காட்டிவிட்டு, குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். லேப் அக்காவுக்கு ஆத்திரத்தில் காது சூடேறியது.

“போ. போகலைன்னா நீதான் எடுத்தேன்னு அங்கயே முடிவு கட்டிடுவாங்க. நானும் வர்றேன்” என்றாள். மறுநாள் காலையில் கிளம்பும்போது, சமையலறையிலிருந்து ஒரு பிடி உப்பைத் தாளில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கூடவே ஒரு வெள்ளைத் தட்டும் நாலைந்து வெள்ளைத் தாளும்.

பத்து மணிக்கே ஒளிமன்றத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வாசலில் பெரிய பலகை: ‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீர வேண்டும்.’ அதைப் படித்ததும் லேப் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நுழைவிடத்தில் மேஜை போட்டு அமர்ந்திருந்தவர் வெயிலய்யாவின் மச்சான். அய்யாவின் மனைவிக்குத் தம்பி, ஒளிமன்றத்தின் சகலமும் அவர்தான். ஆளுக்கொரு வட்ட அட்டை கொடுத்தார், எண் எழுதி ஊக்கு மாட்டியது. சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். தங்கைக்கு ஆறு. அவள் கணவனுக்கு ஏழு. நாத்தனாருக்கு எட்டு. மாமியாருக்கு ஒன்பது.

“நான் எதுக்குப்பா? வளையலைப் பறிகுடுத்தவளே நான்தானே?” என்றார் மாமியார்.

“புகார் குடுக்கறவங்களும் கை நீட்டணும்மா. அய்யாகிட்ட பாரபட்சம் கிடையாது” என்றார் மச்சான். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

லேப் அக்கா மாமியாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பெயர், முகவரி, காணாமல் போன பொருள். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: ‘தாங்கள் சந்தேகப்படும் நபரின் அட்டை எண். (இது ரகசியம். அய்யாவின் பார்வைக்குப் போகாது.)’

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அழுத்தமாக ‘6’ என்று எழுதினார். மச்சான் படிவத்தை வாங்கினார். அய்யாவின் பார்வைக்குப் போகாத அந்தப் படிவம், மேடைக்குப் பின்னால் அய்யா இருந்த அறைக்குள் நேராகப் போனது.

அட, இவ்வளவுதானா? லேப் அக்கா மலைத்துப்போனாள். பெரிய தந்திரம் இருக்கும், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்து வந்தவள் அவள். விடையை வினாத்தாளிலேயே எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள்! இப்படித் தேர்வு வைத்தால் அவள் பள்ளியில் ஒரு பிள்ளைகூடத் தோற்காது.

அப்போதுதான் மாமியாரின் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். ஒன்பது. தங்கையின் அட்டை, ஆறு. இரண்டும் வட்டம். மேல் எது, கீழ் எது என்று காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது.

ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது, ஒன்பதைக் கவிழ்த்தால் ஆறு. இதற்கு ஒரு பட்டமும் சுவரில் மாட்டத் தேவையில்லை.

“அத்தை, உங்க அட்டை கோணலாத் தொங்குது. நேராக் குத்தி விடறேன்.”

“குத்தும்மா, குத்து. அய்யா முன்னாடி ஒழுங்கா நிக்கணும்” என்றார் மாமியார்.

ஊக்கைக் கழற்றி மாட்டும்போது, ஒரு கணம் லேப் அக்காவுக்கே அந்த வயதான அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் கண்டுபிடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டுப் பாவம் பார்க்கக் கூடாது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். தங்கையின் அட்டையையும் திருப்பினாள். “என்னக்கா பண்றே?” என்று தங்கை கிசுகிசுத்தபோது, “வாயை மூடிட்டு நில்லு” என்றாள்.

பன்னிரண்டு மணி. உச்சி வெயில். வெயிலய்யா மஞ்சள் உடையில் குடைக்குள் வந்து அமர்ந்தார். மைக்கைத் தட்டினார்.

“சூரியன் கண் சிமிட்டுவதில்லை. சூரியன் லஞ்சம் வாங்குவதில்லை” என்று ஆரம்பித்தார். உண்மைதான். அந்த வேலைக்குத்தான் மச்சானை வைத்திருந்தாரே.

குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார்கள். மச்சான் பளபளக்கும் பித்தளைச் செம்பிலிருந்து ஏழுக்கு ஊற்றினார், எட்டுக்கு ஊற்றினார். உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்த துண்டுச்சீட்டை ஒரு பார்வை பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார்; காலையிலிருந்து எத்தனையோ முகம் பார்த்தவருக்கு எண்தான் அடையாளம். தங்கையின் மார்பில் ஒன்பது. செம்பிலிருந்தே ஊற்றிவிட்டார். பிறகு மேடைக்கு அடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துவந்தார். கழுத்து வரை கறுப்புத் துணி சுற்றிய ஜாடி. மாமியாரின் இரண்டு கையிலும் தாராளமாக ஊற்றினார்.

அந்தத் துணியைப் பார்த்ததும் லேப் அக்காவுக்கு எல்லாம் நிச்சயமாகிவிட்டது. சூரியனிடமிருந்து வரம் வாங்கிய தண்ணீருக்குச் சூரியனைக் கண்டால் ஏன் இவ்வளவு கூச்சம்?

வெயிலில் நின்றார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். கணவன் தன் கையைப் பார்க்கவே இல்லை. மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டமும் அவள் கையைத்தான் பார்த்தது. அழுது வீங்கிய முகம், குனிந்த தலை. பார்த்தாலே தெரியவில்லையா, இவள்தான் என்று? ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. தங்கையின் கை வெளுப்பாகவே இருந்தது.

“கறுக்குது! கறுக்குது!” என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் தங்கையின் பக்கம் எக்கினார்கள். “அங்க இல்லய்யா, இங்க! இந்தம்மா கை!”

மாமியார் கண்ணைத் திறந்தார். உள்ளங்கை இரண்டும் பழுப்பேறி, ரேகையெல்லாம் கரிக்கோடாகிக் கொண்டிருந்தது. “ஐயோ!” என்று அலறி, கையை உடையில் தேய்த்தார். போகுமா?

“உண்மை வெளியே வந்துவிட்டது!” என்று மைக்கில் முழங்கினார் வெயிலய்யா. “ஆறாம் எண்! ஒப்புக்கொள் தாயே!”

“யோவ், என் வளையலுய்யா அது! என் வளையலை நானே திருடுவேனா? எனக்கென்ன பைத்தியமா?”

வெயிலய்யா ஒரு நொடி திகைத்தார். ஆனால் தொழில் தெரிந்தவர். “தன் பொருளைத் தானே ஒளித்துவைத்து, மற்றவர் மேல் பழி போடுவது திருட்டிலும் பெரிய திருட்டு” என்றார். கூட்டம் கை தட்டியது. எதற்கும் ஒரு விளக்கம் உண்டு; விளக்கத்துக்குக் கை தட்ட ஒரு கூட்டமும் உண்டு.

நாத்தனார் கண்ணீருடன் அம்மாவின் தோளைத் தொட்டாள். “அம்மா, ஒத்துக்கோம்மா. தண்ணி பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே.”

“ஏம்மா இப்படிப் பண்ணே?” என்றான் மகன்.

பெற்றவளை ஒரு குவளைத் தண்ணீருக்கு விற்க அவனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாமியார் மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அத்தனை பெரிய கூட்டத்தில், அந்தத் தண்ணீர் பொய் சொல்கிறது என்று தன் உடம்பறிந்து சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். நேற்று இதே மாதிரி, தான் எடுக்கவில்லை என்று தனக்கு மட்டும் தெரிந்து நின்றவள் மருமகள். அது அவருக்கே உறைத்ததோ என்னவோ, நேராக மருமகளிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எடுக்கலடி. சத்தியமா எடுக்கல. நீயாவது நம்பு.”

தங்கை அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். அவள் கை வெளுப்பு, அவளுக்குக் குழந்தை மிச்சம், மாமியாரின் அதிகாரம் அன்றோடு காலி. அப்படி ஒரு வெற்றியை எந்த மருமகளும் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டாள்.

“அத்தை எடுத்திருக்க மாட்டாங்க” என்றாள் அவள், உரக்க. “அக்கா, என்ன பண்ணினியோ அதைச் சொல்லிடுக்கா.”

லேப் அக்கா மேடை ஏறினாள். “அட்டையைக் கவுத்தது நான்தான். இவங்க ஆறு இல்ல, ஒம்பது. என் தங்கச்சிதான் ஆறு. சந்தேகம் ஆறு மேலன்னு இவங்களே படிவத்துல எழுதிக் குடுத்தாங்க. நான் ஆறை இந்தப் பக்கம் மாத்தினேன். பாவம் பின்னாடியே வந்துடுச்சு. அய்யா, உங்க சூரியனுக்கு மனுசங்க மனசு தெரியாதா? நம்பர்தான் தெரியுமா?”

முற்றம் முழுக்கச் சலசலத்தது. “யார் இவள்? கையைப் பாருங்கள்!” என்று சீறினார் வெயிலய்யா. லேப் அக்காவின் கறுத்த விரல் நுனிகள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. “தண்ணீர் படாமலே கறுத்திருக்கிறது! மகாபாவி!”

“ஆமாங்க. இருபது வருசமா, செய்முறைத் தேர்வு வந்தா எனக்குப் பாவம் வந்துடும். இந்த வருசம் நாப்பது பிள்ளைங்களுக்கும் வந்திருக்கு. எல்லாம் உப்பு கண்டுபிடிக்கிற சோதனையில.” மச்சான் பக்கம் திரும்பினாள். “அந்தக் கறுப்புத் துணி ஜாடியைக் கொஞ்சம் குடுங்கண்ணே.”

“தொடாதே! அது வெள்ளித் தண்ணி!” என்று பதறினார் மச்சான்.

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர் பின்வரிசைக்கு விளக்கினார்: “வெள்ளிக்கிழமை மந்திரிச்ச தண்ணியாம்ப்பா.” “வெள்ளிக்கிழமையா, அதான் இவ்வளவு சக்தி” என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“வெள்ளிதான். ஆனா கிழமை இல்ல” என்றாள் லேப் அக்கா. “அண்ணன் வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டாரு. நகைக்கடையில இருக்கே, அந்த வெள்ளி.”

“சூரியனைச் சோதிப்பவர் கண் அவிந்துபோகும்!” என்றார் வெயிலய்யா. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. கண் எல்லாருக்கும் வேண்டுமே.

பின்வாங்காதவர் மாமியார் ஒருவர்தான். “அவிஞ்சா அவியட்டும், நான் பாத்துக்கறேன்! யோவ் மச்சான், என் கையில ஊத்தும்போது நல்லா ஊத்தினியே, இப்ப அவ தட்டுல ஊத்துய்யா!” என்று மேடை ஏறி, இடுப்பு வலியெல்லாம் எங்கே போயிற்றோ, ஜாடியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்.

லேப் அக்கா உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். “உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு வாசல்ல எழுதியிருக்கீங்க. உப்பு நான் கொண்டாந்திருக்கேன். என் வீட்டுச் சமையல் உப்பு. யாராவது நாக்குல வெச்சுப் பாருங்க.” ஒருவர் வந்து வைத்துப் பார்த்து, “உப்புதான்” என்று தீர்ப்புச் சொன்னார். முதலில் பித்தளைச் செம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாள். கரைந்தது, ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஜாடித் தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஒரு சிட்டிகை போட்டாள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் சட்டென்று பாலாகி, தயிர் மாதிரித் திரிந்தது.

“ரெண்டும் ஒரே உண்மை நீர்னு சொன்னாரே!” என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டத்தில் அன்றைக்கு முளைத்த முதல் யோசனை அது. சின்னதாக இருந்தாலும் வரவேற்கத்தக்கது.

அந்தத் தயிரை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பினாள். தங்கையின் மார்பிலிருந்து வட்ட அட்டையைக் கழற்றி நடுவில் வைத்தாள். தாளைத் தூக்கி வெயிலில் காட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, வெள்ளை மங்கி, கத்தரிப்பூ நிறமாகி, கருநீலச் சாம்பலாயிற்று. அட்டையை எடுத்தாள். அட்டை இருந்த இடம் மட்டும் வட்டமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இந்தத் தாளு யாரு வளையலைத் திருடிச்சு? அட்டைக்கு அடியில மட்டும் ஏன் யோக்கியமா இருக்கு?” என்று கேட்டாள். “இது வெள்ளி சேர்ந்த உப்புங்க. வெளிச்சம் படாத வரைக்கும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும். வெளிச்சம் பட்டா உடைஞ்சிடும். வெள்ளி தனியாப் பிரிஞ்சு நிக்கும்.”

“வெள்ளின்னா பளபளன்னுல்ல இருக்கும்?” என்றார் ஒருவர். நல்ல கேள்வி.

“தகடா இருந்தா பளபளன்னு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பொடியா இருந்தா கறுப்பாத்தான் தெரியும். தோல்ல பட்டாலும் இதேதான் நடக்கும், எந்த யோக்கியன் தோலா இருந்தாலும். அதனாலதான் ஜாடிக்குக் கறுப்புத் துணி. இல்லைன்னா உள்ளயே கெட்டுப்போயிடும். அதனாலதான் மழைக்காலத்துல லீவு. அய்யா கையில வேணா ஊத்திப் பாப்பமா?”

வெயிலய்யா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

வெளிச்சம் பட்டால் கூட்டு உடையும் என்றாளே, அது அங்கேயே இன்னொரு தடவை நடந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாது, இவன்தான் தண்ணி கலக்கறவன்” என்றார் வெயிலய்யா. மைக் இல்லாமல் பேசியதால் இலக்கணம் போய்விட்டது. “நானா? நானா? போட்டோக் கடைக்காரன்கிட்ட கத்துக்கிட்டு வந்தது யாரு? எங்க அக்கா கழுத்துல இருந்ததை வித்து மருந்து வாங்கினது யாரு?” என்று மச்சான் பாய்ந்தார். மாமனும் மச்சானும் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டதில் குடை சாய்ந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக வெயிலய்யாவின் மேல் வெயில் பட்டது.

கூட்டம் என்ன செய்தது என்கிறீர்களா? சிலர் எண்ணெய்க் குப்பியைத் தூக்கி எறிந்தார்கள். சிலர் எப்போதோ வேலையை விட்டு விரட்டிய ஆட்களின் முகம் நினைவுக்கு வந்து, கீழே பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். விடுதிச் சமையற்காரியைத் திருடி என்று சொன்னவர்களில் இரண்டு பேர் லேப் அக்காவின் கண்ணில் பட்டார்கள். அவள் தன் கறுத்த விரலை அவர்களுக்குக் காட்டினாள். ஒரு பெரியவர் மட்டும் பயபக்தியோடு மேடை அருகே வந்து, “தாயே, நீங்க எந்தக் கிழமை உக்காருவீங்க?” என்று கேட்டார்.

“திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், ஸ்கூல் லேப்ல. குப்பி கழுவணும், வர்றீங்களா?” என்றாள். அவர் வருவதாகச் சொல்லவில்லை.

வளையலா? அது செவ்வாய்க்கிழமை சோபா இடுக்கில் கிடைத்தது. குனிந்து பார்த்ததால் கிடைத்தது. கதை அதைப் பற்றியது அல்ல.

முற்றத்துக்கு வெளியே வந்ததும் தங்கையின் கணவன் தொண்டையைச் செருமினான். ஒன்றுமே நடக்காதது போல ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினான். “சரி, வா. வீட்டுக்குப் போகலாம். அதான் எல்லாம் தெளிஞ்சிடுச்சே.”

மாமியார் கறுத்த கைகளை மேல்துணிக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. “வாம்மா” என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவர் மருமகளை ‘வாம்மா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தங்கை ஆட்டோவில் ஏறவில்லை. “நீங்க போங்க அத்தை. நான் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்த பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எதுக்கு?” என்றான் கணவன்.

“நேத்து ஒரு வார்த்தை சொன்னீங்கல்ல, குழந்தையை விட்டுட்டுப் போன்னு. தண்ணி சொன்னா என்னை அனுப்பிடுவீங்க. தண்ணி சொன்னா பெத்த அம்மாவையும் திருடின்னு சொல்வீங்க. அப்படிப்பட்டவரோட இருக்கறதா வேணாமான்னு நான் யோசிக்கணும்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான் அவன், நிஜமாகவே புரியாமல்.

“அதான் உங்க வீட்ல யாருமே செய்யாத வேலை” என்றாள் தங்கை. “நானாவது செய்யறேன்.”